சைனஸ் ஆபரேஷன் செய்யும் கை எப்படித் தேறுகிறது?

பெங்களூரில் அல்சூர், சிவாஜிநகர், ஸ்ரீராமபுரம், லிங்கராஜபுரம் என்று தமிழ் புழங்கும் எந்தப் பகுதிக்குப் போனாலும் ஒரு காது, மூக்கு, தொண்டை கிளினிக் இருக்கும். சாயங்காலம் ஆறு மணிக்கு மேல் அங்கே உட்கார இடம் கிடைப்பது கஷ்டம். ஊர் அப்படி. கடல்மட்டத்திலிருந்து சுமார் 900 மீட்டர் உயரம், விடியற்காலைக் குளிர், ஓயாத கட்டட வேலையின் தூசு, காலி மனைகளில் மண்டிக் கிடக்கும் பார்த்தீனியம். ஊரில் இருந்தவரை ஒரு தும்மல்கூடப் போடாதவர்கள் இங்கே வேலைக்கு வந்து இரண்டு மழைக்காலம் கழிவதற்குள் மூக்கைப் பிடித்துக்கொண்டு அலைவதைப் பார்க்கலாம். தலை பாரமோ, மூக்கடைப்போ, கன்னத்தில் குத்தலோ, எதுவானாலும் "எனக்கு சைனஸ் சார்" என்றுதான் டாக்டர் முன்னால் போய் உட்காருகிறார்கள்.

இவர்களில் ஆபரேஷன் தேவைப்படுகிறவர்கள் கொஞ்சம் பேர்தான். என்னைக் கேட்டால், ஒரு மூக்கு அறுவை மருத்துவரின் தேர்ச்சியை இரண்டு இடங்களில் பார்க்க வேண்டும். யாரையெல்லாம் கருவியைத் தொடாமல் திருப்பி அனுப்புகிறார் என்பது ஒன்று. தொட்டவர்களுக்கு உள்ளே எந்த இடத்தில் கையை நிறுத்துகிறார் என்பது மற்றொன்று. வாசலில் தொங்கும் பெயர்ப்பலகையிலிருந்து இரண்டுமே தெரியாது.

திருப்பி அனுப்புவதிலிருந்தே தொடங்கலாம். முக எலும்புகளுக்குள் பக்கத்துக்கு நான்காகக் காற்றறைகள் இருக்கின்றன. கன்னத்தில் ஒன்று, நெற்றியில் ஒன்று, கண்ணுக்கும் மூக்குக்கும் நடுவே பல சிறு அறைகள் சேர்ந்த தொகுதி ஒன்று, மூக்கின் கடைக்கோடியில் மூளைக்கு அடியில் ஒன்று. மூக்கும் இந்த அறைகளும் சேர்ந்து நாளொன்றுக்குச் சுமார் ஒரு லிட்டர் சளியைச் சுரக்கின்றன. கண்ணுக்குத் தெரியாத நுண்முடிகள் அதை வாசல் நோக்கித் தள்ள, நாம் அறியாமலே விழுங்கிவிடுகிறோம். வாசல் வீங்கி அடைத்து, உள்ளே சளி தேங்கி, அழற்சி 12 வாரங்களுக்கும் மேலாக நீடித்தால்தான் அது நாள்பட்ட சைனஸ் நோய். மூக்கடைப்பு, கெட்டியாக நிறம் மாறி வரும் சளி, முகத்தில் அழுத்தம், வாசனை தெரியாமல் போவது ஆகியவை அதன் அடையாளங்கள். அடைப்போ சளியோ இல்லாமல் தலைவலி மட்டும் வந்து வந்து போகிறதென்றால் வேறு பக்கம் பார்க்க வேண்டும்.

2004-இல் அமெரிக்காவில் வெளிவந்த ஓர் ஆய்வில், சைனஸ் தலைவலி என்று தாங்களே சொன்ன அல்லது டாக்டர் சொல்லி நம்பிய 2,991 பேரைச் சோதித்தார்கள். 88 சதவீதம் பேருக்கு இருந்தது ஒற்றைத் தலைவலி வகை. ஒற்றைத் தலைவலியிலும் சிலருக்கு மூக்கில் நீர் வடியும், கண் கலங்கும், கன்னம் கனக்கும். அதனால் குழப்பம் சகஜம். அனுபவப்பட்ட டாக்டர் மூக்குக்குள் விட்டுப் பார்க்கும் டெலஸ்கோப்பை எடுக்கும் முன்பே கேட்டுவிடுவார்: "ஏம்மா, வலி வரும்போது வெளிச்சம் பட்டா ஆகாதா? குமட்டுதா?" "ஆமாங்க சார், டியூப் லைட்டை அணைச்சுட்டுப் படுத்துருவேன்." இந்த ஒரு பதிலில் பாதி விஷயம் தெரிந்துவிடும்.

ஸ்கேன் ரிப்போர்ட்டும் ஏமாற்றும். சாதாரண ஜலதோஷம் வந்து போன சில வாரங்களுக்குள் எடுத்தால், எந்தத் தொந்தரவும் இல்லாதவருக்குக்கூட "சைனஸ் உட்சவ்வு தடித்திருக்கிறது" என்று எழுதி வரும். இரண்டு துவாரங்களுக்கும் நடுவிலுள்ள மூக்குத் தண்டு வளைந்திருப்பதும் அப்படியே. கோடு போட்டதுபோல் நேராக இருப்பவர்கள்தான் அபூர்வம். மூச்சுக்குத் தடை இல்லையென்றால் வளைவை நிமிர்த்தி ஆகப்போவது ஒன்றுமில்லை. ஜலதோஷத்தில் தொடங்கும் சைனஸ் அழற்சியில் நூற்றுக்கு இரண்டு பேருக்கும் குறைவாகவே பாக்டீரியா சேர்கிறது. ஆனாலும் மெடிக்கல் ஷாப்பில் கேட்ட மாத்திரத்தில் ஆன்டிபயாடிக் கிடைக்கிறது. நொச்சி போட்டு ஆவி பிடிப்பது கொஞ்ச நேரம் இதமாக இருக்கும், அவ்வளவுதான். குழந்தைகளுக்கு மட்டும் வேண்டாம், கொதிநீர் கவிழ்ந்து வெந்துபோய் வருகிறவர்கள் உண்டு.

இனி பயிற்சி. எம்.பி.பி.எஸ். நாலரை ஆண்டு, ஹவுஸ் சர்ஜன் ஓராண்டு. பிறகு நீட் பி.ஜி. நுழைவுத் தேர்வு எழுதி எம்.எஸ்., ஈ.என்.டி. மூன்று ஆண்டு, அல்லது அதற்கு இணையான டி.என்.பி. மூன்று ஆண்டு. டி.எல்.ஓ. என்பது இரண்டு ஆண்டு டிப்ளமா. பெங்களூரில் விக்டோரியா மருத்துவமனையோடு இணைந்த பெங்களூர் மருத்துவக் கல்லூரி, செயின்ட் ஜான்ஸ், கெம்பேகௌடா, ராமய்யா என்று படிக்க இடங்கள் நிறைய. தமிழ்நாட்டில் படித்துவிட்டு இங்கே வந்து தொழில் செய்பவர்களும் ஏராளம்.

இந்த மூன்று ஆண்டில் மூக்குக்குக் கிடைப்பது எவ்வளவு என்பதுதான் கவனிக்க வேண்டியது. அரசு மருத்துவமனை வார்டில் சீழ் வடியும் காதுகள், செவிப்பறை ஓட்டையை அடைப்பது, டான்சில், தொண்டைப் புற்றுநோய், அவசரத்துக்குக் கழுத்தில் துளையிட்டு மூச்சுக்குழாய் போடுவது, காசு விழுங்கிய குழந்தை, மீன்முள் சிக்கிய பெரியவர் என்று வேலை வரிசையில் நிற்கும். மூக்கு அதில் ஒரு பங்கு. அதற்குள்ளும் படிப்படியாகத்தான் கை போகும். முதலில் புறநோயாளிப் பிரிவில் டெலஸ்கோப் விட்டுப் பார்ப்பது, ரத்தம் வழியும் மூக்கில் பஞ்சு அடைப்பது, ஆபரேஷனில் சீனியருக்குக் கேமரா வயரைப் பிடிப்பது. அப்புறம் மூக்குத் தண்டு நிமிர்த்துவது. அதன் பிறகு கன்ன அறையின் வாசலைத் திறப்பது, கண்ணை ஒட்டிய சிற்றறைகள், பின்கோடி அறை. நெற்றி அறை எப்போதும் கடைசி. அதன் வடிகால் குறுகலாக மேலே வளைந்து போகும். 70 டிகிரி சாய்ந்து பார்க்கும் லென்ஸும் வளைந்த கருவிகளும் வேண்டும். திரையில் மேலே தெரிவது நிஜத்தில் எந்தப் பக்கம் என்று கைக்குப் பிடிபடவே வெகுநாள் ஆகும். எம்.எஸ். முடிக்கும்போது நெற்றி அறையைத் தனியாகத் திறந்து பார்த்தவர்கள் குறைவு. அதில் அவர்கள் குறை ஒன்றுமில்லை, படிப்பின் நீளம் அவ்வளவுதான்.

அதனால்தான் மூக்கிலேயே தொழில் செய்ய நினைப்பவர்கள் அதற்குப் பிறகு ஒன்றிரண்டு ஆண்டு ஒரு மூத்த நிபுணரிடம் ஃபெல்லோஷிப் போகிறார்கள். இதயத்துக்கும் மூளைக்கும் இருப்பதுபோல நாடெங்கும் பரவலாகக் கிடைக்கும் எம்.சி.எச். என்ற உயர் சிறப்புப் பட்டம் சைனஸுக்கு இல்லை. சட்டப்படி ஈ.என்.டி. பட்டம் பெற்ற யாரும் சைனஸ் ஆபரேஷன் செய்யலாம். பலகையில் "ரைனாலஜிஸ்ட்" (மூக்கு நிபுணர்) என்று போட்டுக்கொள்பவர், வேலை நாளில் பாதியை மூக்குக்குள்ளேயே கழிப்பவராகவும் இருக்கலாம், ஒரு வாரப் பயிலரங்கு முடித்தவராகவும் இருக்கலாம்.

பயிலரங்கைக் குறைத்துச் சொல்வதாக எண்ண வேண்டாம். அங்கே நடப்பது சுவாரஸ்யமானது. பதப்படுத்திய உடல்கள் எளிதில் கிடைக்காததால், ஆரம்பநிலைக்காரர்கள் ஆட்டுத்தலையில் பழகுகிறார்கள். கறிக்கடையில் வாங்கும் அதே தலைதான். ஆட்டின் மூக்கு மனித மூக்கைவிட நீளம், அறைகளின் அமைப்பும் வேறு. ஆனால் ஒரு கையில் டெலஸ்கோப்பும் மறு கையில் இடுக்கியும் பிடித்து, கண்ணைத் திரையில் வைத்து, சவ்வைக் கிழிக்காமல் எலும்பை மட்டும் எடுக்கும் பழக்கம் அதில் வந்துவிடும். கண்குழியின் பக்கச்சுவரை எடுத்துவிட்டு உள்ளே இருக்கும் கொழுப்பைத் தொடாமல் விடுவது, மண்டையோட்டுத் தரையில் வேண்டுமென்றே ஓட்டை போட்டு அடைத்துப் பார்ப்பது, இதெல்லாம் உயிருள்ள ஒருவரிடம் முதல்முறையாகச் செய்யக்கூடாதவை. அதற்கு ஆட்டுத்தலை தேவலை. நுணுக்கம் தேறப் பதப்படுத்திய மனித உடலில் அறுத்துப் பார்க்கும் பயிற்சிதான் வேண்டும்.

இந்த அறுவை முறைக்கு வயது அதிகமில்லை. 1893-இல் அமெரிக்காவின் கால்டுவெல்லும் 1897-இல் பிரான்சின் லூக்கும் தனித்தனியே சொன்ன வழியில், மேலுதட்டுக்கு உட்புறம் கீறி, கன்ன எலும்பில் துளைபோட்டு, உள்ளே இருப்பதைச் சுரண்டி எடுப்பார்கள். பல பத்தாண்டுகள் அதுதான் சைனஸ் ஆபரேஷன். இன்றும் எழுபது வயதைத் தாண்டிய சிலரின் ஈறுக்கு மேலே அந்தத் தழும்பைப் பார்க்கலாம். மூக்கு வழியே கண்ணுக்கு அருகிலுள்ள அறைகளைத் திறப்பது பற்றி 1929-இல் பாஸ்டனின் மோஷர் எழுதியது இந்தத் துறையில் எல்லோருக்கும் மனப்பாடம்: காகிதத்தில் சுலபம், நடைமுறையில் நோயாளியைக் கொன்றுவிட இதைவிட எளிதான ஆபரேஷன்கள் குறைவு என்பது அதன் சாரம். காரணம், அப்போது உள்ளே எதுவும் தெரியாது.

1960-களில் பிரிட்டிஷ் இயற்பியலாளர் ஹாப்கின்ஸ் வடிவமைத்த கண்ணாடித் தண்டு லென்ஸ் அதை மாற்றியது. பென்சிலைவிட மெல்லிய குழாயில் தெளிவான படம் வந்தது. ஆஸ்திரியாவின் கிராட்ஸ் நகரில் மெஸ்ஸர்கிளிங்கர் அதை வைத்துக்கொண்டு சளி எந்தப் பாதையில் நகர்கிறது என்று வருடக்கணக்காகப் பார்த்தார். கன்ன அறையின் அடியில் எத்தனை பெரிய துளை போட்டாலும், நுண்முடிகள் அந்தத் துளையைத் தாண்டிப் போய்ச் சளியை இயற்கையான வாசலுக்கே கொண்டுசேர்க்கின்றன என்பது புலப்பட்டது. அப்படியென்றால் அறையைச் சுரண்ட வேண்டியதில்லை, வாசலைச் சரிசெய்தால் போதும், சவ்வு தானே தேறும். அவரிடம் பயின்ற ஸ்டாம்பெர்கரும், 1985-இல் இந்த முறைக்கு இன்றைய பெயரைச் சூட்டிய அமெரிக்காவின் டேவிட் கென்னடியும் இதை உலகெங்கும் பரப்பினார்கள். ஃபங்ஷனல் எண்டோஸ்கோபிக் சைனஸ் சர்ஜரி என்பது அந்தப் பெயர், இன்று டாக்டர்கள் "ஃபெஸ்" என்று சுருக்கிச் சொல்வது இதைத்தான். சி.டி. ஸ்கேனும் அதே காலத்தில் வந்து சேர்ந்தது. இரண்டில் ஒன்று இல்லாவிட்டாலும் இந்த ஆபரேஷன் பிறந்திருக்காது.

சி.டி. படிப்பதில்தான் பழகிய கை வேறுபடும். நோய் எங்கே இருக்கிறது என்பதை ரிப்போர்ட்டே சொல்லிவிடும். ஆபத்து எங்கே இருக்கிறது என்பதை அறுக்கப்போகிறவர் தானே உட்கார்ந்து, படத்தை மேலும் கீழும் நகர்த்தித் தேட வேண்டும். வாசனை நரம்புகள் இறங்கும் எலும்புத் தட்டு சுற்றியுள்ள கூரையைவிட எவ்வளவு தாழ்ந்திருக்கிறது என்று பார்ப்பார். 1962-இல் கெரோஸ் என்பவர் இதை மூன்று வகையாகப் பிரித்தார்: 1 முதல் 3 மில்லிமீட்டர், 4 முதல் 7, 8 முதல் 16. மூன்றாம் வகையில் பக்கச்சுவர் உயரமாகவும் மெல்லிசாகவும் நிற்கும். அதன் கனம் மில்லிமீட்டரில் பத்தில் இரண்டு பங்குதான், அந்தப் பக்கம் மூளை. கண்குழிச் சுவரில் பழைய அடியாலோ முந்தைய ஆபரேஷனாலோ ஓட்டை இருக்கிறதா, பின்கோடி அறைக்குள் கண் நரம்பு புடைத்துக்கொண்டு ஓடுகிறதா, மூளைக்கு ரத்தம் கொண்டுபோகும் பெருந்தமனி மேலே எலும்பு மூடியிருக்கிறதா, எல்லாம் அந்தப் படத்தில் இருக்கும். இடமும் வலமும் ஒரே மாதிரி இருக்கும் என்று நம்பிவிடக் கூடாது, ஒரே ஆளுக்கு ஒரு பக்கம் ஒரு வகை, மறுபக்கம் வேறு வகை என்பது அடிக்கடி காண்பதுதான்.

தியேட்டருக்குள் போவோம். நோயாளி மயக்கத்தில் இருக்கிறார், தலைப்பக்கம் 15 டிகிரிபோல உயர்த்தப்பட்டிருக்கிறது. மயக்க மருத்துவர் ரத்த அழுத்தத்தையும் இதயத் துடிப்பையும் சற்றே தாழ்த்தி வைத்திருப்பார். இந்த ஆபரேஷன் நன்றாக அமைவதில் பாதிப் பங்கு அவருடையது என்று சர்ஜன்களே சொல்வார்கள். அட்ரினலின் நனைத்த பஞ்சுத் துண்டுகள் நூல் தொங்க மூக்குக்குள் பத்து நிமிடம் இருந்துவிட்டு வெளியே வருகின்றன. உள்தோல் வெளுத்துச் சுருங்கியிருக்கிறது. இடது கையில் 4 மில்லிமீட்டர் டெலஸ்கோப், வலது கையில் கருவி. ஒரு துளி ரத்தம் லென்ஸில் ஒட்டினால் திரை முழுக்கச் சிவப்பு. வெளியே எடுத்துத் துடைத்து, மறுபடி உள்ளே. இது எத்தனை முறை என்று கணக்கில்லை. நடு டர்பினேட் என்ற எலும்புத் தட்டைக் கண்ட பிறகுதான் திசை உறுதியாகும். அதற்கு வெளிப்புறமாகவே இருந்தால் மூளையிலிருந்து தூரம், ஆனால் கண் நெருங்கும்.

கண்கள் இரண்டையும் பச்சைத் துணியால் மூட மாட்டார்கள். உதவியாளர் பார்த்துக்கொண்டே இருக்க வேண்டும் என்பதற்காக. சந்தேகம் வந்தால் சர்ஜன் "கண்ணை மெதுவா அழுத்துங்க" என்பார். வெளியே விழியை அழுத்தும்போது திரையில் ஏதாவது அசைந்தால், அங்கே எலும்புச் சுவர் இல்லை, கண்குழி திறந்திருக்கிறது என்று அர்த்தம். எடுத்த சதைத் துண்டைக் கிண்ணத்து உப்புநீரில் போட்டுப் பார்ப்பதும் உண்டு. பாலிப் எனப்படும் மூக்குச் சதை வளர்ச்சி மூழ்கும். மஞ்சளாக மிதந்தால் அது கண்குழிக் கொழுப்பு. அந்தக் கணமே அந்த இடத்திலிருந்து கருவியை விலக்க வேண்டும். அப்போது நிறுத்தினால் பெரும்பாலும் கண்ணைச் சுற்றிக் கறுத்துப்போவதோடு சரி. நிறுத்தாமல், உறிஞ்சியபடியே வெட்டும் மைக்ரோடிபிரைடரை அங்கே ஓடவிட்டால், கண்ணை மூக்குப்பக்கம் திருப்பும் தசை சில நொடியில் குழாய்க்குள் போய்விடும். பிறகு வாழ்நாள் முழுக்க எல்லாம் இரண்டிரண்டாகத் தெரியும். கூரையை ஒட்டி ஓடும் சிறு தமனி ஒன்று அறுந்து கண்குழிக்குள் பின்வாங்கி ரத்தம் கக்கினால், விழி கல்லாக இறுகும். ஒன்று, ஒன்றரை மணி நேரத்துக்குள் அழுத்தத்தைக் குறைக்காவிட்டால் பார்வை போகும். தேறியவர்களின் கையில் இவை மிக அரிது. ஆனால் அரிதானது நடக்கும்போது என்ன செய்வதென்று தெரிந்திருப்பதும் அந்தப் பயிற்சிதான்.

பெங்களூரின் மூக்கு மருத்துவர்களுக்கு யாரும் கேட்காத ஒரு பயிற்சியும் கிடைத்தது. 2021 மே மாதம், கொரோனா இரண்டாம் அலையில் கரும்பூஞ்சை. கட்டுக்கடங்காத சர்க்கரையும் தாறுமாறாகக் கொடுக்கப்பட்ட ஸ்டீராய்டும் சேர்ந்த இடத்தில் மியூகோர் பூஞ்சை மூக்கில் இறங்கி, ரத்தக் குழாய்களை அடைத்து, திசுவைச் சாகடித்துக்கொண்டு கண்ணுக்கும் மூளைக்கும் ஏறியது. ஜூன் மாதக் கடைசியில் நாடு முழுவதும் 40,000 பேருக்கு மேல் என்று மத்திய சுகாதார அமைச்சர் கணக்குச் சொன்னார். இங்கே சிவாஜிநகரின் பௌரிங் மருத்துவமனை அதற்கான முக்கிய மையமானது. பூஞ்சையைக் கொல்லும் ஆம்போடெரிசின் மருந்துக்கு நாடெங்கும் தட்டுப்பாடு. மருந்து மட்டும் போதாது, செத்த திசுவுக்குள் ரத்தம் போகாததால் மருந்தும் போகாது. கறுத்துப்போனதை ரத்தம் கசியும் உயிர்த்திசு வரும்வரை எடுத்தாக வேண்டும், சிலருக்கு மேல்தாடையோடு, சிலருக்குக் கண்ணோடு. சாதாரண ஃபெஸ் ஆபரேஷனில் குறைவாக எடுப்பது தேர்ச்சி என்றால், இங்கே போதுமான அளவு எடுப்பதுதான் தேர்ச்சி. எங்கே நிறுத்துவது என்ற அதே கேள்விக்கு முற்றிலும் வேறு பதில். அந்தச் சில வாரங்களில் பட்டமேற்படிப்பு மாணவர்கள் பார்த்த நோயாளிகள், சீனியர்கள் தங்கள் தொழில்வாழ்க்கை முழுவதும் பார்த்ததைவிட அதிகம்.

இன்னொரு நோய் தமிழருக்கு நெருக்கமானது. மதுரை, சிவகங்கை, ராமநாதபுரம் பக்கத்திலிருந்து வந்த ஒருவருக்கு மூக்கில் சிவப்பாக, மேலே வெள்ளைப் புள்ளிகளோடு, தொட்டாலே ரத்தம் கொட்டும் சதை வளர்ந்திருந்தால், தென்னாட்டில் படித்த டாக்டர் முதலில் கேட்பது, "சின்ன வயசுல ஊர்க் கண்மாயில குளிப்பீங்களா?" என்றுதான். அது ரைனோஸ்போரிடியோசிஸ். தேங்கிய குளத்து நீரோடு தொடர்புடைய தொற்று. சாதாரணப் பாலிப் என்று நினைத்துப் பிய்த்தெடுத்தால் திரும்ப முளைக்கும். அடி வேரோடு எடுத்து, அந்த இடத்தைச் சுட்டுவிட வேண்டும். வெளிநாட்டுப் பாடப்புத்தகத்தில் இது ஒரு பத்தி, நம்மூரில் கண்ணெதிரே வரும் நோயாளி.

ஒரு பக்க மூக்கில் மட்டும் தொந்தரவு என்றால் நல்ல டாக்டர் உஷாராவார். ஒரு பக்கம் மட்டும் நாற்றமடிக்கும் சளி வந்தால் மேல்வரிசைக் கடைவாய்ப் பல்லைத் தட்டிப் பார்ப்பார், அதன் வேர் கன்ன அறையின் தரையைத் தொட்டுக்கொண்டிருக்கும். பல்லைக் கவனிக்காமல் சைனஸை மட்டும் திறந்தால் நோய் போகாது. அதுவே குழந்தையாக இருந்தால் உள்ளே பட்டாணியோ பொத்தான் பேட்டரியோ இருக்கக்கூடும். பேட்டரி என்றால் காலைவரை காத்திருக்கக் கூடாது, சில மணி நேரத்தில் மூக்குத் தண்டையே அரித்து ஓட்டை போட்டுவிடும். பெரியவருக்கு ஒரு பக்க அடைப்போடு ரத்தமும் வந்தால் கட்டி இல்லை என்று உறுதிப்படுத்தும்வரை விடமாட்டார்கள்.

இந்தத் துறையின் எல்லை இப்போது மூக்கைத் தாண்டிவிட்டது. மூளைக்கு அடியிலுள்ள பிட்யூட்டரிக் கட்டியை மூக்கு வழியே எடுக்கும்போது, நரம்பியல் சர்ஜனும் மூக்கு சர்ஜனும் இரண்டு துவாரங்களில் நான்கு கைகளாக வேலை செய்கிறார்கள். மண்டையோட்டுத் தரையில் விழும் பெரிய ஓட்டையை எப்படி அடைப்பது என்பது நெடுநாள் தலைவலியாக இருந்தது. அர்ஜென்டினாவின் ஹதாத் வகுத்து 2006-இல் வெளியான முறையில், மூக்குத் தண்டின் உள்தோலை அதன் ரத்தக் குழாய் அறாமல் உரித்துத் திருப்பிப் போட்டு மூடினார்கள். மூளைநீர்க் கசிவு வெகுவாகக் குறைந்தது. கண்ணீர்ப் பை அடைப்பும், வளரிளம் பையன்களுக்கு வரும், ரத்தக் குழாய்கள் நிறைந்த கட்டியும்கூட இன்று இந்த வழியில்தான் கையாளப்படுகின்றன.

சரி, பெங்களூரில் ஒருவர் நிஜமாகவே ஆபரேஷனுக்கு யோசிக்கும்போது என்ன பார்க்கலாம்? டாக்டரின் பதிவு எண்ணைக் கேட்டு வாங்கி, கர்நாடக மருத்துவக் கவுன்சிலில் எந்தப் பட்டம் பதிவாகியிருக்கிறது என்று சரிபார்க்கலாம். அது அடிப்படை. என் ஸ்கேனில் ஆபத்தான இடம் எது என்று கேளுங்கள். படத்தைத் திறந்து விரலால் தொட்டுக் காட்டுகிறவர் வேறு, "அதெல்லாம் நாங்க பாத்துக்கறோம்" என்கிறவர் வேறு. ஆபரேஷனுக்கு முன் மூக்கு ஸ்ப்ரேயும் உப்புநீர்க் கழுவலும் சில வாரங்களாவது ஒழுங்காகக் கொடுத்துப் பார்த்தார்களா என்றும் கேட்க வேண்டும். பூஞ்சை, கட்டி, கண்ணுக்குப் பரவும் தொற்று போன்றவை தவிர, மற்றதற்கெல்லாம் மருந்துதான் முதலில்.

விளம்பரத்தில் "லேசர் சைனஸ் சிகிச்சை" என்று பார்த்தால் எனக்குச் சந்தேகம்தான் வரும். சைனஸ் அறைகளைத் திறப்பதில் லேசருக்கு அநேகமாக வேலையே இல்லை. பலூன் வைத்து வாசலை விரிப்பது 2005 முதல் இருக்கிறது. சிலருக்குப் பொருந்தும், மூக்கு நிறையப் பாலிப் உள்ளவருக்குப் பொருந்தாது, பலூனின் விலையும் அதிகம். திரையில் கருவியின் இடத்தைக் காட்டும் நேவிகேஷன் மறு ஆபரேஷனுக்கும் நெற்றி அறைக்கும் நல்ல துணை, ஆனால் உள்ளமைப்பு தெரியாதவருக்கு அது அமைப்பைக் கற்றுத்தராது. பில்லில் மைக்ரோடிபிரைடர் பிளேடு போல ஒருமுறை மட்டும் பயன்படும் பொருட்கள் தனி வரியாக வரும், முன்கூட்டியே எழுதி வாங்கிக்கொள்ளலாம். மருத்துவக் காப்பீடு எடுத்து இரண்டு ஆண்டு ஆகாவிட்டால் சைனஸ் ஆபரேஷனுக்குப் பணம் தர மறுக்கும் பாலிசிகளே அதிகம். அதை மருத்துவமனையில் சேரும் முன் பார்த்துக்கொள்வது நல்லது.

சம்மதப் படிவம் இங்கே ஆங்கிலத்திலோ கன்னடத்திலோதான் இருக்கும். நர்ஸ் மலையாளத்தில் அவசரப்படுத்துவார். அல்சூரில் பிறந்து வளர்ந்தவர் கன்னடத்தில் பேசி எல்லாம் புரிந்துகொள்வார். தர்மபுரியிலிருந்து வந்திருக்கும் அவருடைய அத்தைக்கு அது முடியாது. நோயின் தன்மை, ஆபரேஷனின் ஆபத்து, வேறு வழி என்ன என்பதெல்லாம் தெரிந்து கொடுக்கும் சம்மதம்தான் சம்மதம் என்று உச்ச நீதிமன்றம் 2008-இல் சமீரா கோலி வழக்கில் சொல்லியிருக்கிறது. "தமிழ்ல சொல்ல ஆள் இருந்தா கூப்பிடுங்க" என்று கேட்பதில் கூச்சப்பட ஒன்றுமில்லை. பெங்களூர் மருத்துவமனைகளில் அப்படி ஒருவர் எப்படியும் கிடைப்பார்.

ஆபரேஷன் முடிந்த கையோடு நோயாளிகள் நினைப்பதும் டாக்டர் நினைப்பதும் பிரிந்துவிடுகின்றன. பாலிப் உள்ளவருக்கு, குறிப்பாக ஆஸ்துமாவும் ஆஸ்பிரின் ஒவ்வாமையும் சேர்ந்தவருக்கு, ஆபரேஷன் நோயை ஒழிப்பதில்லை. மருந்து உள்ளே போய்ச்சேர வழி திறந்துவிடுகிறது, அவ்வளவே. ஸ்ப்ரேயும் கழுவலும் வருடக்கணக்கில் தொடர வேண்டும். கழுவும் நீர் கொதிக்கவைத்து ஆறியதாக இருக்க வேண்டும். லாரித் தண்ணீர், போர் தண்ணீர், குழாய்த் தண்ணீர் எதையும் அப்படியே மூக்கில் விடக் கூடாது. 2011-இல் அமெரிக்காவின் லூசியானாவில் குழாய்நீரால் மூக்குக் கழுவிய இருவர் மூளை தின்னும் அமீபா தொற்றி இறந்தார்கள். கேரளத்தில் 2024-இலும் 2025-இலும் அந்த வகை மூளைத்தொற்று பலருக்கு வந்தது. அடிக்கடி பாலிப் திரும்புகிறவர்களுக்கு டுபிலுமாப் போன்ற ஊசிகள் வந்திருக்கின்றன. அமெரிக்காவில் 2019-இல் இதற்கு அனுமதி கிடைத்தது. நம் ஊரில் விலைதான் தடை.

முதல் சில வாரங்களில் மூக்குக்குள் காயும் பொருக்கை டெலஸ்கோப் வைத்து எடுத்துச் சுத்தம் செய்ய வேண்டும், இல்லையென்றால் திறந்த வாசல் தழும்பேறி மறுபடி ஒட்டிக்கொள்ளும். ஓசூர், கிருஷ்ணகிரி, திருப்பத்தூர் பக்கத்திலிருந்து வந்து இங்கே ஆபரேஷன் செய்துகொள்பவர்கள், தையலோ கட்டோ வெளியே தெரியாததால் எல்லாம் சரியாகிவிட்டது என்று நினைத்து இந்த வருகைகளைத்தான் முதலில் விட்டுவிடுகிறார்கள். அத்தனை முறை பஸ் ஏற முடியாது என்றால், சொந்த ஊரில் இந்த டெலஸ்கோப் வைத்திருக்கும் ஈ.என்.டி. டாக்டர் ஒருவரிடம் முன்பே பேசி, ஆபரேஷன் குறிப்பின் நகலையும் சி.டி. தகட்டையும் அவர் கையில் சேர்த்துவிட்டு அட்மிஷன் தேதி வாங்கலாம்.